உங்கள் கடிகாரம் ஓடும்போது கணினி என்ன செய்கிறது?

கணினியுடன் செஸ் ஆடிய எல்லோருக்கும் இந்த எரிச்சல் பழக்கமானது. ஐந்து நிமிடம் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு நகர்வைக் கண்டுபிடித்து வைப்போம். மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிடும். சரி, நாமும் வேகமாக ஆடுவோம் என்று வெடுக்கென்று எதையாவது நகர்த்தினால், அப்போது பார்த்து அது சாவகாசமாக யோசிக்க ஆரம்பிக்கும்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் ஒரு வாசிகசாலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். இப்படி ஒரு ஆட்டத்தில் நொந்துபோன பையன் ஒருவன் கேட்டான்: "சேர், நான் யோசிக்கிற நேரத்தில அது சும்மா இருக்குதா, இல்ல களவா ஏதாச்சும் பண்ணுதா?" களவு ஒன்றுமில்லை. உங்கள் கடிகாரம் ஓடும்போதும் அது யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. எதிராளியின் நேரத்தில் யோசிக்கக்கூடாது என்று செஸ்ஸில் எந்த விதியும் கிடையாது, மனிதருக்கும் சரி, கணினிக்கும் சரி. செஸ் மென்பொருள்காரர்கள் இதைப் பொண்டரிங் என்பார்கள். இதனால் எஞ்சினின், அதாவது செஸ் ஆடும் நிரலின், பலம் எவ்வளவு கூடுகிறது, எப்போது கூடுவதில்லை, எப்போது குறைந்தே போகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தலைத் தாண்டிப் போகாது.

முதலில், எஞ்சினுக்கு நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஸ்டொக்ஃபிஷ் போன்ற ஒரு எஞ்சின், நான் இங்கே போனால் நீ அங்கே போவாய், அதற்கு நான் இப்படி என்று லட்சக்கணக்கான நிலைகளைத் தோண்டிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு நகர்வு ஆழம், பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று படிப்படியாக இறங்கும். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அதுவரை கண்டதில் சிறந்ததைச் சொல்லிவிடும். நேரம் கூடினால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் ஆட்டம் மேம்படும். யோசிக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினால் எஞ்சினின் பலம் ஏறக்குறைய 50 முதல் 70 எலோ (செஸ் பலத்தை அளக்கும் தரப்புள்ளி) உயரும் என்பது இந்தத் துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கைக்கணக்கு. இன்றைய உச்ச எஞ்சின்கள் நீண்ட நேர ஆட்டங்களில் மோதும்போது பெரும்பாலும் சமநிலையில் முடிவதால் லாபம் இதைவிடக் குறைவு. இருந்தாலும் விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

இப்போது ஒரு ஆட்டத்துக்குள் போவோம். எஞ்சின் வெள்ளைக் காய். ஈ4, ஈ5 (இவை பலகைக் கட்டங்களின் பெயர்கள்) என்று இரண்டு பக்கமும் ராஜாவுக்கு முன்னாலுள்ள சிப்பாயை நகர்த்தியாகிவிட்டது. எஞ்சின் தன் குதிரையை எஃப்3க்குக் கொண்டுவருகிறது. அந்த நகர்வைத் தேடும்போதே, இதற்குக் கறுப்பின் சிறந்த பதில் குதிரை சி6 என்றும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. தன் நகர்வை அறிவிக்கும்போது கூடவே இந்த ஊகத்தையும் சொல்லிவிடும். பொண்டரிங் போட்டிருந்தால், எதிராளி இன்னும் நெற்றியைச் சொறிந்துகொண்டிருக்கும்போதே எஞ்சின் தன் மனப்பலகையில் கறுப்புக் குதிரையை சி6இல் வைத்துவிட்டு, அடுத்து தான் என்ன ஆடுவது என்று தேடத் தொடங்கும். இதற்கிடையில் ஓடுவது எதிராளியின் கடிகாரம்.

எதிராளி உண்மையிலேயே குதிரை சி6 ஆடினால் ஊகம் பலித்தது. அதுவரை தேடிய அத்தனையும் கைக்கு வந்துவிடும். போதிய நேரம் ஏற்கெனவே தேடியிருந்தால் அந்த நொடியே பதில் விழும். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் இதுதான். எதிராளி வேறு ஏதாவது ஆடினால் ஊகம் பொய்த்தது. அந்தத் தேடலை நிறுத்திவிட்டு, புதிய நிலையிலிருந்து தன் சொந்தக் கடிகாரத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

ஹட்டன் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடைகளில் இரவில் இதை நேரில் பார்க்கலாம். வழக்கமாக முட்டைக் கொத்து சாப்பிடுகிறவர் கடைக்குள் நுழைந்து கைகழுவப் போகும்போதே, கல்லுக்குப் பின்னால் நிற்பவர் ரொட்டியைத் தட்டி நறுக்க ஆரம்பித்துவிடுவார். வந்து உட்கார்ந்தவர் "வழக்கமானதுதான்" என்றால் தட்டு உடனே வரும். "இன்னைக்கு கோழி போடுங்க அண்ணே" என்றால் உடைத்து ஊற்றிய முட்டை இவருக்கு உதவாது. ஆனால் கல் சூடேறியிருக்கிறது, வெங்காயமும் லீக்ஸும் நறுக்கியபடி இருக்கின்றன.

அந்தச் சூடேறிய கல்லுக்குச் சமமான ஒன்று எஞ்சினிலும் உண்டு. பார்த்த நிலைகளையும் அவற்றின் மதிப்பையும் எஞ்சின் ஹேஷ் டேபிள் என்ற நினைவுப் பகுதியில் குறித்து வைக்கும். ஊகம் பொய்த்தாலும் அந்தக் குறிப்புகள் அழிவதில்லை. மேலே சொன்ன ஆட்டத்திலேயே பாருங்கள். கறுப்பு, சி6க்குப் பதிலாக மற்றக் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினின் ஊகம் பிழை. ஆனால் அது பொண்டரிங் செய்தபோது, "குதிரை சி6, நான் குதிரை சி3, அவன் குதிரை எஃப்6" என்ற வரிசையையும் தோண்டியிருக்கும். இப்போது உண்மையான நிலையிலிருந்து "நான் குதிரை சி3, அவன் குதிரை சி6" என்று தேடினால் வந்து நிற்பது அதே நிலை. நான்கு குதிரைகளும் வெளியே வந்த, செஸ் ஆடுபவர்கள் நன்கு அறிந்த தொடக்கம் அது. வரிசை மாறியது, பலகை மாறவில்லை. எனவே முன்பு போட்ட வேலையில் ஒரு துண்டு மீண்டும் பயன்படும். எதிராளி எதிர்பாராமல் ராணியைக் கொடுத்து ராஜாவைத் தாக்குவது போன்ற அதிரடி ஆடினால் இந்த மிச்சமும் பெரிதாக உதவாது.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு பக்கமும் ஒரு நகர்வுக்கு சராசரியாக 1 நிமிடம் எடுக்கின்றன என்று வைப்போம். எஞ்சினின் ஊகம் 100க்கு 60 முறை பலிக்கிறது. அப்படியானால் எதிராளியின் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 36 நொடி எஞ்சினுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. தன் 60 நொடியோடு சேர்த்தால் 96 நொடி, அதாவது 1.6 மடங்கு நேரம். இரட்டிப்புக்கு 50 முதல் 70 புள்ளி என்றால், 1.6 மடங்குக்கு ஏறக்குறைய 34க்கும் 47க்கும் இடையில் வரும். (இதற்கு மட்டும் மடக்கை தேவை. உயர்தரத்தில் கணிதம் எடுத்தவர்கள் போட்டுப் பார்க்கலாம்.) 40 எலோ என்று எடுத்துக்கொண்டால், தனக்குச் சமமான ஒரு எஞ்சினுடன் 100 ஆட்டம் ஆடி 50 புள்ளி எடுத்திருக்கவேண்டியது, இப்போது 56 அளவில் எடுக்கும்.

இதில் ஒரு உச்சவரம்பு ஒளிந்திருக்கிறது. ஊகம் ஒரு முறைகூடத் தவறாமல் பலித்தாலும் கிடைப்பது சரியாக 2 மடங்கு நேரம்தான். எதிராளியும் நம்மளவு நேரமே எடுக்கும்வரை, பொண்டரிங் என்பது ஒரு இரட்டிப்பைத் தாண்டவே முடியாது. புதிய லெப்டொப் வாங்கினால் கிடைக்கும் வேகம் பலவேளை இதைவிட அதிகம். "பொண்டரிங் போட்டதும் எஞ்சின் பயங்கரமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ஏன் ஒரே ஒரு நகர்வை மட்டும் ஊகிக்க வேண்டும், எதிராளி ஆடக்கூடிய மூன்று நான்கு நகர்வுகளுக்கும் முன்கூட்டியே தயாராகலாமே என்று தோன்றும். எனக்கும் அதுதான் புத்திசாலித்தனமாகத் தோன்றியது, பெருக்கிப் பார்க்கும்வரை. முதல் ஊகத்துக்கு 60 சதவீத வாய்ப்பு, இரண்டாவதற்கு 15, மூன்றாவதற்கு 10 என்று வைப்போம். மூன்றுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால் 85 சதவீதம் ஏதோ ஒன்று பலிக்கும். ஆனால் பலிக்கும்போது கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு வேலைதான்: 20 நொடி. சராசரியில் ஒரு நிமிடத்துக்கு 17 நொடி. எல்லாவற்றையும் முதல் ஊகத்திலேயே போட்டால் 36 நொடி. பெரும்பாலான எஞ்சின்கள் ஒரே குதிரையில் பணத்தைக் கட்டுவதற்குக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

இந்த 60 என்ற எண் நான் உதாரணத்துக்கு எடுத்தது. உண்மையில் அது எதிரே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். தன்னைப் போலவே சிந்திக்கும் இன்னொரு பலமான எஞ்சின் என்றால் ஊகம் அதிகம் பலிக்கும். தன்னுடைய மறுபிரதியுடனேயே ஆடினால் இன்னும் அதிகம். எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளுடன் ஆடினால் எஞ்சின் பாவம். "இதற்கு ஒரே நல்ல பதில் இதுதான்" என்று அது உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருக்கும், இங்கே ஒருவர் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருப்பார். அவ்வளவு நேரத் தேடலும் வீண். அதனால் ஆட்ட முடிவு மாறிவிடும் என்று மட்டும் கனவு காண வேண்டாம்.

இதைவிட நுணுக்கமான ஒன்றும் உண்டு. எந்த நகர்வுகளை ஊகிப்பது எளிது? ராணிக்கு ராணி வெட்டு நடக்கிறது, திருப்பி வெட்டியே ஆகவேண்டும். ஊகம் நிச்சயமாகப் பலிக்கும். ஆனால் அந்த இடத்தில் மனித எதிராளி யோசிக்கவே மாட்டார், இரண்டு நொடியில் வெட்டிவிடுவார். பலித்த ஊகத்தில் கிடைத்த லாபம் இரண்டு நொடி! அதே எதிராளி பத்து நிமிடம் மூழ்கிப் போகிற இடம் எது? நான்கைந்து நல்ல நகர்வுகள் இருக்கிற சிக்கலான நிலை. அங்கேதான் ஊகம் பொய்க்கும் வாய்ப்பும் அதிகம். எனவே "எத்தனை நகர்வில் பலித்தது" என்று எண்ணுவதைவிட "எத்தனை நிமிடம் பலித்தது" என்று எண்ணுவதே நியாயம். மனிதரோடு ஆடும்போது இரண்டாவது எண் முதலாவதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். எஞ்சின்கள் நேரத்தை ஓரளவு சீராகப் பங்கிடுவதால் அவற்றுக்கிடையே இந்த வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

பலித்த ஊகம் கொடுக்கும் லாபம் அந்த ஒரு நகர்வோடு முடிந்துவிடுவதும் இல்லை. உடனடியாகப் பதில் சொன்னதால் மிச்சமான நேரம் கடிகாரத்திலேயே கிடக்கும், பின்னால் ஒரு கஷ்டமான நிலை வரும்போது செலவழிக்கலாம். ஸ்டொக்ஃபிஷ் இதை முன்கூட்டியே எதிர்பார்த்து ஆடுகிறது. அதன் நேரப் பங்கீட்டு நிரலில் ஒரு சின்ன வரி உண்டு: பொண்டர் போட்டிருந்தால், ஒரு நகர்வுக்கு ஒதுக்கும் இலக்கு நேரத்தில் நான்கில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள். எதிராளியின் நேரத்தில் எப்படியும் கொஞ்சம் சம்பாதிக்கப் போகிறோம், இப்போதே தாராளமாகச் செலவழிக்கலாம் என்ற துணிச்சல்.

எஞ்சினும் திரையில் பலகையைக் காட்டும் மென்பொருளும் இதற்காகத் தங்களுக்குள் பேசிக்கொள்வது சுவாரசியமானது. இன்று பரவலாக இருக்கும் யூசிஐ என்ற பேச்சுமுறையை, ஷ்ரெடர் எஞ்சினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் ருடோல்ஃப் ஹூபரும் வடிவமைத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதில் எஞ்சின் "பெஸ்ட்மூவ்" என்று தன் நகர்வைச் சொல்லி, அதே வரியில் "பொண்டர்" என்று ஊகத்தையும் சொல்லும். பலகை மென்பொருள் அந்த ஊகத்தை ஆடியது போன்ற நிலையைக் கொடுத்து "கோ பொண்டர்" என்னும். ஊகம் பலித்தால் "பொண்டர்ஹிட்" என்ற ஒரே சொல். அந்தக் கணத்திலிருந்து எஞ்சினின் கடிகாரம் ஓடத் தொடங்கும், தேடல் அறுபடாமல் தொடரும். பொய்த்தால் "ஸ்டொப்". எஞ்சின் அப்போதும் மரியாதையாக ஒரு பதிலைக் கொடுத்தே ஆகவேண்டும். பலகை மென்பொருள் அதை வாங்கி எறிந்துவிட்டு, உண்மையான நிலையைக் கொடுத்து "கோ" என்னும். இடையில், எஞ்சின் தேடி முடித்துவிட்டாலும், இந்த இரண்டு சொற்களில் ஒன்று வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு எஞ்சின்களும் தனித்தனிக் கணினியில் ஓடினால்தான் பொருந்தும். நம்மில் பலர் செய்வது அப்படியல்ல. கையில் இருப்பது ஒரே லெப்டொப். அதில் இரண்டு எஞ்சின்களையும் ஏற்றி, மோதவிட்டு வேடிக்கை பார்ப்போம். பலத்தைக் கூட்டுகிறேன் என்று இரண்டுக்கும் பொண்டரிங் போட்டால் என்ன ஆகும்?

லெப்டொப்பின் எல்லாக் கோர்களையும் (கணக்குப் போடும் அலகுகளையும்) இரண்டு எஞ்சின்களுக்கும் கொடுத்திருக்கிறோம் என்று வைப்போம். பொண்டரிங் இல்லாதபோது, ஒன்று யோசிக்கையில் மற்றது தூங்கும். யோசிப்பதற்கு முழு இயந்திரமும் கிடைக்கும். 1 நிமிடம் என்றால் முழுசாக 1 நிமிட வேலை. பொண்டரிங் போட்டதும் இரண்டும் எப்போதும் யோசிக்கின்றன, இயந்திரம் பாதிப் பாதியாகப் பங்கு போகிறது. தன் நிமிடத்தில் எஞ்சினுக்குக் கிடைப்பது அரை நிமிட வேலை. எதிராளியின் நிமிடத்திலும் அரை நிமிட வேலை, ஆனால் அதில் 60 சதவீதமே பலிக்கும், அதாவது 0.3. கூட்டினால் 0.8. கூடியிருக்க வேண்டிய வேலை, பொண்டரிங்கே இல்லாமல் ஆடியதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஊகம் 100க்கு 100 பலித்தால்தான் பழைய 1க்கே திரும்பி வரமுடியும். இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே அளவு நட்டம் என்பதால் வெற்றி தோல்வியில் இது தெரியாது, ஆட்டத்தின் தரத்தில்தான் தெரியும். ஒன்றுக்கு மட்டும் பொண்டரிங் போட்டால் கதை இன்னும் மோசம். பொண்டரிங் செய்யும் எஞ்சின், செய்யாத எஞ்சினின் நேரத்தில் பாதி இயந்திரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அந்த வெற்றி செஸ் வெற்றி அல்ல, கரண்ட் களவு மாதிரி ஒன்று.

நான்கு கோர் இருக்கிற கணினியில் ஒன்றுக்கு இரண்டு, மற்றதற்கு இரண்டு என்று பிரித்துக் கொடுத்தால் இந்த இழுபறி பெருமளவு குறையும். அப்போதும் நினைவகமும் வெப்பமும் இரண்டுக்கும் பொதுதான். எல்லாக் கோர்களும் ஓயாமல் ஓடினால் கணினி சூட்டைக் குறைக்க வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். நுவரெலியாக் குளிரில் மடியில் லெப்டொப்பை வைத்து ஆடுபவர்களுக்கு அந்தச் சூடு ஒரு சுகம், மறுக்கவில்லை. போனில் ஆடுபவர்களுக்கு இது பெட்டரியைக் காலி செய்யும் வேலை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்ததே, நாம் மெழுகுதிரி தேடினோம். அப்படிப்பட்ட நாட்களில் போனில் பொண்டரிங் போட்டு ஆடுவது வீண் ஆடம்பரம்.

எஞ்சின்களைத் தரவரிசைப்படுத்துபவர்கள் இதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தால் செலவுக் கணக்கு தெளிவாகும். ஸ்வீடனின் எஸ்எஸ்டிஎஃப் என்ற பழைய அமைப்பு, இரண்டு தனித்தனிக் கணினிகளை வைத்து, 40 நகர்வுக்கு 2 மணிநேரம் கொடுத்து, பொண்டரிங்குடனேயே சோதித்தது. உண்மையான போட்டிக்கு மிக நெருக்கமான முறை, ஆனால் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு கணினி தேவை. சிசிஆர்எல் பட்டியல் பொண்டரிங் இல்லாமல் ஆடவைக்கிறது. எஞ்சின்களுக்கான டிசிஇசி போட்டியிலும் பொண்டரிங் கிடையாது. ஸ்டொக்ஃபிஷ்ஷில் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் சோதிக்கும் ஃபிஷ்டெஸ்ட் வலையமைப்பில், தன்னார்வலர்களின் கணினிகளில் ஒரு பக்கத்துக்கு 10 நொடியும் நகர்வுக்கு 0.1 நொடியுமாக ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன. அங்கேயும் இல்லை. காரணம் எளிது: இரண்டு பக்கமும் பொண்டரிங் செய்தால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு லாபம், இடைவெளி பெரிதாக மாறாது. அதே மின்சாரத்தில் பொண்டரிங் இல்லாமல் இரண்டு மடங்கு ஆட்டங்களை ஆடிவிடலாம். இந்த விஷயத்தில் என் வாக்கு அவர்களுக்கே.

இரண்டு மடங்கு ஆட்டம் என்பது சாதாரண லாபமல்ல. வீட்டில் சோதிக்க நினைக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். பொண்டரிங்கின் லாபம் 40 எலோ என்றோம், அதாவது 100க்கு 56. ஆனால் சமபலமான இரண்டு எஞ்சின்கள் 100 ஆட்டம் ஆடினாலே, தற்செயலாக ஒரு பக்கம் 56 எடுப்பது சர்வசாதாரணம். 100 ஆட்டத்தில் 8 புள்ளி அங்கே இங்கே போகலாம். 400 ஆட்டம் ஆடினால்தான் அந்தத் தடுமாற்றம் பாதியாகி, 56 என்பதற்கு ஒரு அர்த்தம் வரும். பத்து ஆட்டம் ஆடிவிட்டு "பொண்டரிங் போட்டது ஏழு எடுத்தது சேர்" என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து, இரண்டு லெப்டொப், ஒன்றில் பொண்டரிங், மற்றதில் இல்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் நிறத்தை மாற்றி, இரவு முழுக்க ஓடவிட்டால் சில நாளில் நல்ல முடிவு கிடைக்கும். லெப்டொப் இரண்டும் ஒரே வேகம் இல்லையென்றால் பாதி ஆட்டத்துக்குப் பிறகு எஞ்சின்களை இடம் மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளந்தது லெப்டொப்பை.

மனிதர்களுக்கு இதே உத்தி வேறு மாதிரி வேலை செய்கிறது. எதிராளியின் நேரத்தில் ஒரே வரிசையை ஆழமாகத் தோண்டாதே, பொதுவாகப் பலகையைப் பார், எந்தக் காய் பலவீனம், எந்தக் குதிரைக்கு நல்ல இடமில்லை என்று யோசி என்பதே பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது. நமக்கு ஹேஷ் டேபிள் கிடையாது, பொய்த்த ஊகத்தை மறப்பதும் சிரமம். எங்கள் பிள்ளைகள் எதிராளியின் நேரத்தில் செய்வது பக்கத்துப் பலகையில் யார் தோற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது. அதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு அமைப்பு விஷயம். ஸ்டொக்ஃபிஷ்ஷில் பொண்டர் என்ற தெரிவு இயல்பாகவே அணைந்திருக்கும். கணினியுடன் நேரம் வைத்து ஆடும்போது, அதுவும் எஞ்சின் உங்கள் போனிலோ லெப்டொப்பிலோ தனியாக ஓடும்போது மட்டும் அதைப் போடுவதில் பொருள் உண்டு. ஆடி முடித்த ஆட்டத்தை அலசும்போது அதைத் தொடவே வேண்டாம். அங்கே எதிராளியும் இல்லை, ஓடும் கடிகாரமும் இல்லை. நீங்கள் நிறுத்தும்வரை எஞ்சின் எப்படியும் யோசித்துக்கொண்டேதான் இருக்கும். அலசல் இன்னும் ஆழமாகப் போகவேண்டுமென்றால் பொண்டர் பெட்டியில் சரி போடுவதை விட்டுவிட்டு, ஹேஷ் அளவைக் கூட்டுங்கள், அல்லது எழுந்து போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள்.